கடைத்தெரு மர்மக் கதைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பர்மாவில் பெகுவிலிருந்து மௌல்மீன் போகிற ரயில் பாதையில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு நடக்கிறது, அதில் பெரிய பிள்ளைகளுக்குக் கதை எழுதச் சொல்லித் தருகிறேன். இரண்டு மூன்று வருடமாக எல்லோரும் எழுத ஆசைப்படுவது ஒரே வகைதான்: சின்ன ஊர், சாப்பாட்டுக் கடைகள், கோயில், ஒரு சின்ன மர்மம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிற பெரியவர்களும் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். கேள்விகள் மட்டும் மாறுவதே இல்லை, அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன், திருத்தவில்லை.

கொலையே இல்லாம மர்மக் கதையா? அதுல படிக்க என்ன இருக்கு?

கொலை இருக்கலாம், தடை ஒன்றும் கிடையாது. இந்த வகையில் பிணத்தை விவரிக்க மாட்டார்கள், ரத்தம் தெறிக்காது, குழந்தையை வைத்துப் பயம் காட்ட மாட்டார்கள், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் கோசி மிஸ்டரி என்கிறார்கள். போர்த்திக்கொண்டு படிக்கிற கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வகுப்பில் கடைத்தெரு மர்மம் என்று கூப்பிடுகிறோம்.

படிக்க என்ன இருக்கிறது என்றால், ஊர் இருக்கிறது. உண்டியல் பூட்டு உடையாமலே பணம் குறைகிறது, அன்னதானத்துக்கு வாங்கிய எண்ணெய் டின்னில் பாதி தண்ணீர், முப்பது வருடம் ஒரே இடத்தில் நின்ற ஆட்டுக்கல் ஒரு ராத்திரியில் காணோம். இதெல்லாம் பெரிய நகரத்தில் செய்தியே இல்லை. நம் தெருவில் ஒரு வாரத்துக்கு வேறு பேச்சு இருக்காது. செய்தது தெரிந்தவர்தான் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் ஆளாளுக்கு முகம் பார்க்கத் தயங்குவார்கள். கதை அங்கேதான் பிடிக்கிறது.

இது வெள்ளைக்காரன் சரக்குதானே, நமக்கு எதுக்கு?

ஆரம்பம் அங்கேதான், மறுக்கவில்லை. பாதிரியாரைத் துப்பறிய வைத்தவர் செஸ்டர்டன் என்ற ஆங்கில எழுத்தாளர், ஃபாதர் பிரவுன் என்ற அந்தக் குட்டைப் பாதிரியாரின் முதல் கதை 1910இல் வந்தது. அதில் எனக்குப் பிடித்த விஷயம், அவர் போலீஸுக்கு விட்டுப் போகிற அடையாளங்கள் முக்கால்வாசி சாப்பாட்டுக் கடைகளில்தான். ஓர் உணவகத்தில் சர்க்கரை இருக்க வேண்டிய இடத்தில் உப்பு, அங்கேயே சுவரில் சூப்பு, ஒரு பழக்கடையில் விலை அட்டைகள் இடம் மாறிக் கிடக்கின்றன. ஆக, சாமியும் சாப்பாட்டுக் கடையும் துப்பும் நூறு வருடத்துக்கு மேலாகவே ஒன்றாகத்தான் இருக்கின்றன.

நமக்கு எதுக்கு என்றால், பக்கத்துக் கடைக்காரர் வீட்டு விஷயம் நமக்குத் தெரிகிற அளவுக்கு லண்டன்காரருக்குத் தெரியாது. சரக்கு அவர்களுடையது, கடை நம்முடையது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

துப்பறியறவங்க ஏன் சாப்பாட்டுக் கடைக்காரங்களாவே இருக்காங்க? வாத்தியார், டாக்டர் எல்லாம் ஆகாதா?

ஆகும். ஆனால் கடைக்காரர் அளவுக்கு அவர்களுக்குத் தகவல் வராது. என் அம்மா இருபத்திரண்டு வருடம் தோசைக் கடை போட்டவர். விடியற்காலை நாலு மணிக்கு அடுப்பு மூட்டுவார். முதல் ரயிலுக்குப் போகிறவர் யார், போகாமல் திரும்பி வந்தவர் யார், தினமும் மூன்று வாங்குகிற வீட்டில் இன்றைக்கு நான்கு ஏன், கைம்பெண் ஒருவர் திடீரென்று வெங்காயம் போடாமல் கேட்பது ஏன், மகனை அனுப்புகிறவர் இன்றைக்குத் தானே வந்தது ஏன், எல்லாம் அவருக்குத் தெரியும், யாரையும் கேட்டதே கிடையாது. கடன் நோட்டு என்று ஒன்று வைத்திருந்தார். எங்கள் ஊரின் ஐந்து வருடச் சரித்திரத்தை அந்த நோட்டிலிருந்தே எழுதிவிடலாம்: யாருக்கு எந்த மாதம் வேலை போயிற்று, யார் வீட்டுக்குச் சம்பந்தி வந்தார்கள், யார் கடனை ஒரே நாளில் அடைத்தார்கள் என்று. ஒரே நாளில் அடைத்தவரைத்தான் கதையில் முதலில் கவனிக்க வேண்டும்.

டீக்கடை இன்னும் நல்ல இடம். நம் நாட்டில் ஆளுக்கு ஒரு டீ: ‘ச்சோ செய்ன்’ என்றால் இனிப்பும் பாலும் தூக்கல், ‘ச்சா செய்ன்’ என்றால் கடுப்பும் பாலும், ‘பொங்மான்’ என்றால் சாதாரணம். பத்து வருடம் ஒரே டீ குடித்தவர் ஒரு நாள் மாற்றிச் சொன்னால் கடைப் பையன் நிமிர்ந்து பார்ப்பான். வாத்தியாருக்கு இது எப்படித் தெரியும்?

இன்னொன்று, கடைக்காரர் நகர முடியாது. அடுப்பை விட்டுவிட்டு யார் பின்னாலும் ஓட முடியாது, மாவு புளித்துவிடும். துப்பு தானே அவரிடம் நடந்து வர வேண்டும். எழுதுகிறவருக்கு இந்தக் கட்டு நல்லது.

பக்திக் கதைன்னா கடைசியில சாமி வந்து காட்டிக் கொடுக்கணுமா?

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். வகுப்பில் பத்துக் கதை வந்தால் ஆறில் சாமியாடி வந்து திருடன் பெயரைச் சொல்லிவிடுகிறார். படிக்கிறவர் அதுவரை மண்டையைக் குடைந்தது எதற்கு?

1929இல் ரொனால்டு நாக்ஸ் என்பவர் துப்பறியும் கதைக்குப் பத்து விதி எழுதினார். இரண்டாவது விதியே, தெய்வ சக்தி, மாய சக்தி எதையும் கொண்டுவந்து முடிச்சை அவிழ்க்கக் கூடாது என்பது. எழுதியவர் யார் தெரியுமா, ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். சாமி இல்லை என்று நினைத்து எழுதியதில்லை அது. துப்பறிபவருக்குக் காரணம் சொல்ல முடியாத உள்ளுணர்வு வந்து அது சரியாகிப்போவதையும் அவர் தடுத்திருக்கிறார். ‘என்னமோ என் மனசுல பட்டுச்சு’ என்று எழுதுகிறவர்கள் இதை இரண்டு தடவை படியுங்கள்.

சாமியாடி வரலாம், அருள்வாக்கும் சொல்லலாம், ஆனால் அது இரண்டு விதமாகப் பொருள் படட்டும். பீலிக்கான் முனீஸ்வரரைக் கும்பிட்டு வந்த பாட்டி ‘தண்ணிக்குப் பக்கத்துல இருக்கு’ என்று சொல்கிறார், ஊரே கிணற்றில் தேடுகிறது. இட்லி அக்கா மட்டும் தண்ணீர்ப் பானை விற்கிறவரின் கடன் கணக்கைப் புரட்டுகிறார். பாட்டி சொன்னது பலித்ததா இல்லையா என்பதை வாசகருக்கே விட்டுவிடுங்கள். நம்புகிறவருக்கும் திருப்தி, மற்றவருக்கும் கோபம் வராது.

அப்போ நம்பிக்கைக்குக் கதையில என்ன வேலை? உதாரணத்தோட சொல்லுங்க.

நாள் முழுக்க நம்பிக்கையைச் சுற்றித்தான் ஓடுகிறது, அதனால் யாராவது பொய் வேஷம் போட்டால் அங்கேதான் இடறுவார். செஸ்டர்டனின் முதல் கதையிலும் இதுதான்: பாதிரியார் வேஷத்தில் வந்த திருடன் பகுத்தறிவை மட்டம் தட்டிப் பேசுகிறான், உண்மையான பாதிரியார் அப்படிப் பேச மாட்டார் என்று ஃபாதர் பிரவுன் பிடித்துவிடுகிறார்.

நம் ஊருக்கு இதை மாற்றிப் பார்ப்போம். காவி உடுத்திய ஒருவர் தெருவில் வந்து நன்கொடை கேட்கிறார். பிக்குகள் நண்பகலுக்கு மேல் சாப்பிட மாட்டார்கள். இவர் மூன்று மணிக்கு டீக்கடை மூலையில் உட்கார்ந்து இ-ச்சா-குவே என்கிற எண்ணெயில் பொரித்த நீள ரொட்டியைப் பிட்டு டீயில் நனைத்துக்கொண்டிருக்கிறார். கடைப் பையனுக்கு அது போதும். பணத்தைக் கையால் தொட்டார் என்பதைத் துப்பாக வைக்காதீர்கள், பிக்குகளுக்கான விநய விதிப்படி தவறு என்றாலும் நடைமுறையில் நிறையப் பேர் வாங்குகிறார்கள், வாசகர் சண்டை பிடிப்பார். அதே மாதிரி, இளஞ்சிவப்பு உடுத்துகிற தீலஷின் அம்மாக்கள், அதாவது பௌத்தப் பெண் துறவிகள், வந்தால் பெரும்பாலும் அரிசியாகத்தான் போடுவோம், சமைத்த சோறு பிக்குகளுக்கு. இது தெரியாமல் சோற்றுக்குப் பாத்திரம் நீட்டுகிற ஒரு புது தீலஷினை வைத்து எங்கள் வகுப்பில் ஒரு பெண் எழுதிய கதைதான் இதுவரை வந்ததில் நல்லது என்பேன்.

இன்னொன்று பெயர். பர்மியர்கள் பிறந்த கிழமையை வைத்துப் பெயரின் முதல் எழுத்தை வைப்பார்கள்: திங்கள் என்றால் க வரிசை, வியாழன் என்றால் ப, ம வரிசை, ஞாயிறு என்றால் அகரம், இப்படி. புதன் மட்டும் இரண்டாகப் பிரியும், மத்தியானத்துக்கு மேல் பிறந்தவர் ராகு. பகோடாவில், அதாவது புத்தர் கோயிலில், ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு மூலை, ஒரு மிருகம். திங்களுக்குப் புலி, வியாழனுக்கு எலி. சரி, இப்போது யோசியுங்கள்: க-வில் ஆரம்பிக்கிற பெயரைச் சொல்லிக்கொண்டு ஊருக்கு வந்த ஆள், பகோடாவில் எலி மூலையில் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுகிறார். வாசலில் பூவும் பொரியும் விற்கிற அம்மா பார்க்கிறார். கிழமைப்படி பெயர் வைக்காதவர்களும் உண்டு, அதனால் இது சந்தேகம் கிளப்ப மட்டும் போதும். முடிவுக்கு வேறு ஒன்று வேண்டும்.

நம் பக்கத்திலிருந்து எளிதானது: காவடிக்கு விரதம் என்று மஞ்சள் கட்டிக்கொண்டு திரிகிறவர் காலையில் மொய்ங்கா வாசனைக்குத் தலையைத் திருப்புகிறார். மொய்ங்கா என்றால் மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ். அவர் சாப்பிடக்கூட வேண்டாம், ‘இன்னிக்குக் கெளுத்தி நல்லாயிருக்கு போல’ என்று ஒரு வார்த்தை வந்தால் போதும்.

நாங்க கோயிலுக்கும் போறோம், பகோடாவுக்கும் போறோம். இது எந்த மதக் கதை?

நீங்கள் எப்படி இருக்கிறீர்களோ அப்படி. கிழக்கே பகோடா, மேற்கே மாரியம்மன், நடுவில் தமிழ் முஸ்லிம்களின் சூலியா பள்ளிவாசல், பின் தெருவில் மாதா கோயில் என்றுதான் நம் ஊர்கள் பல இருக்கின்றன. எல்லாக் கூட்டத்துக்கும் சமோசா விற்கிறவர் ஒருவரே. சில பர்மிய வீடுகளில் வீட்டைக் காக்கிற மகாகிரி என்ற ‘நாட்’ தேவதைக்குச் சிவப்புத் துணி சுற்றிய தேங்காயைக் கட்டித் தொங்கவிடுவார்கள். நாமோ தேங்காயைக் கண்டால் உடைக்கிற ஆட்கள். அந்தச் சிவப்புத் துணிக்குள் ஒரு மோதிரத்தை ஒளித்து வைத்தால், வீட்டில் யாரும் பயந்துகொண்டு தொட மாட்டார்கள். இந்த யோசனையை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு கட்டாயம் வைத்திருக்கிறேன். மற்ற மதத்துக்காரரை, அவர் அந்த மதம் என்பதாலேயே குற்றவாளியாக்கக் கூடாது. கதையாகவும் அது சோம்பேறித்தனம், தெருவிலும் வம்பு.

என்ன திருட்டுப் போகலாம்? உண்டியலைத் தவிர ஒண்ணும் தோண மாட்டேங்குது.

முதல் பதிலில் மூன்று சொல்லிவிட்டேன். இன்னொன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், பழைய நோட்டு. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். 1987 செப்டம்பர் 5இல் 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஒரே நாளில் வெறும் காகிதமாயின, மாற்றியும் தரவில்லை. அப்புறம் 45, 90 என்று வந்தன. எங்கள் வீட்டிலேயே ஒரு பிஸ்கட் டின் இருந்தது, பாட்டி கடைசிவரை தூக்கிப் போட விடவில்லை.

இதில் துப்பு எங்கே என்றால், 75 கியாட் நோட்டே 1985 நவம்பரில்தான் வெளிவந்தது. ஒருவர் ‘1982இல் கோயில் கட்ட நான் கொடுத்த பணம் இது, கட்டு பிரிக்காமல் அப்படியே இருக்கிறது’ என்று பெட்டியைத் திறந்து காட்டுகிறார். கட்டு முழுக்க 75. கூட்டத்தில் எல்லோரும் உச்சுக் கொட்டுகிறார்கள், பாலாட்டா என்கிற பரோட்டா போடுகிற கிழவர் மட்டும் சிரிக்கிறார். 35ஐ வைத்தாலும் நடக்கும், அதுவும் அந்தச் சமயம் வந்ததுதான்.

பழைய காலக் கதையில வீசைன்னு எழுதலாமா, கிலோன்னு எழுதணுமா?

இதைக் கேட்டவருக்கு ஒரு கும்பிடு. வீசை என்றே எழுதுங்கள், இன்றைக்கும் சந்தையில் எடை அதுதானே. பர்மாக்காரர் ‘பெய்தா’ என்பார், ஆங்கிலத்தில் ‘விஸ்’ என்று எழுதியதே நம் வீசையிலிருந்து போனதுதான். ஆனால் இரண்டும் ஒரே எடை இல்லை. பர்மா வீசை ஏறக்குறைய 1.63 கிலோ, பழைய சென்னை வீசை 1.4 கிலோ சொச்சம்.

இதை வைத்து ஒரு கதை மனதில் இருக்கிறது, யாரும் எழுதாவிட்டால் நானே எழுதுவேன். அன்னதானத்துக்கு ‘அரிசி 10 வீசை’ என்று ஊரிலிருந்து வந்த தாத்தா எழுதிவைத்த சீட்டு. புதுப் பொருளாளர் பழைய தமிழ்ப் புத்தகத்தைப் பார்த்து அதைப் பதினான்கு கிலோ என்று கணக்கு எழுதுகிறார். சமையல்காரர் சந்தைத் தராசில் 10 வீசை அளந்து போடுகிறார், பதினாறு கிலோவுக்கு மேல் வரும். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் இரண்டு கிலோ அரிசி காணோம். சமையல்காரர் மீது பழி. கீரை விற்கிற அம்மா தராசுக் கல்லைக் கையில் தூக்கிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறார். திருடனே கிடையாது.

பர்மீஸ்ல பேசுறத தமிழ்ல எப்படி எழுதுறது? எல்லாத்தையும் தமிழாக்கினா நாடகம் மாதிரி இருக்கு.

கூப்பிடும் சொல்லை மட்டும் பர்மியத்தில் விடுங்கள். டீக்கடைக்காரரை ‘ஊலே’ என்றும், பக்கத்துக் கடை அக்காவை ‘அமா’ என்றும் கூப்பிட்டுவிட்டு மீதியைச் சாதாரணத் தமிழில் எழுதினால் காதுக்குச் சரியாக இருக்கும். தமிழர்களுக்குள் அண்ணே, மதினி, பெரியம்மா என்று நாம் பேசுகிறபடி. ‘ஊ’ போட்டு மரியாதையாகக் கூப்பிட்டவர் ஒரு நாள் ‘கோ’ என்று இறங்கினால் ஏதோ நடந்திருக்கிறது, அதை நீங்கள் விளக்கவே வேண்டாம்.

கதையோட சமையல் குறிப்பும் போடணுமாமே?

மேல்நாட்டில் சாப்பாட்டு மர்மங்களில் அது வழக்கம், கடைசிப் பக்கத்தில் கேக் செய்முறை இருக்கும். எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. முடிச்சு அவிழ்கிற நேரத்தில் கால் கிலோ மாவு என்று ஆரம்பித்தால் எரிச்சலாக இருக்கும். செய்முறைக்குள்ளேயே துப்பு இருந்தால் போடுங்கள். பேயாஜோ என்கிற பருப்பு வடைக்குப் பருப்பு எத்தனை மணி நேரம் ஊறியது என்பதை வைத்துக் கடைக்காரர் ராத்திரி எப்போது வீட்டுக்கு வந்தார் என்று கண்டுபிடிக்கலாம், அப்படியானால் ஊறுகிற நேரம் கதைக்குள்ளேயே வர வேண்டும்.

குற்றவாளி கிடைச்சதும் போலீஸ்ல கொடுக்கணுமா?

இதுதான் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம். முதல் பதிலில் சொன்ன மாதிரி செய்தவர் தெரிந்தவர், நாளைக்கும் அதே தெருவில் கடை போட வேண்டியவர். கொலை என்றால் போலீஸைத் தவிர வழியில்லை, மழுப்பாதீர்கள். உண்டியல் விஷயம் என்றால் பெரியவர்கள் கூடி உட்காருவார்கள், பணம் தவணையில் திரும்பும், அம்மன் முன்னால் கற்பூரத்தை அடித்துச் சத்தியம் வாங்குவார்கள், ஆறு மாதம் யாரும் அவர் கடையில் சாப்பிட மாட்டார்கள்.

மன்னிப்பை மலிவாக்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன். எல்லோரும் அழுது கட்டிப்பிடித்து முடிகிற கதைகள் நிறைய வருகின்றன. திருடியவர் திரும்பக் கடை போட்ட முதல் நாள் யார் போய் முதல் தோசை வாங்கினார் என்று எழுதுங்கள். அந்த ஆள் யார் என்று தேர்ந்தெடுப்பதில்தான் உங்கள் பக்தி எவ்வளவு என்று தெரியும்.

எங்களைப் பத்தித்தான் எழுதியிருக்கன்னு தெருவே சண்டைக்கு வருது. என்ன பண்றது?

எனக்கும் வந்தது. எண்ணெயில் தண்ணீர் கலக்கிற கடைக்காரரை எழுதி விழா மலரில் போட்டேன். எங்கள் தெருவில் எண்ணெய் விற்பவர் ஒருவர்தான். மூன்று மாதம் வேறு ஊரிலிருந்து எண்ணெய் வாங்கினோம். தப்பு என் மேல்தான், ஒரே ஒரு கடை இருக்கிற தொழிலைக் குற்றவாளிக்குக் கொடுக்கக் கூடாது. ஊருக்குள் ஏழெட்டுப் பேர் செய்கிற தொழிலாகக் கொடுங்கள், அல்லது குற்றவாளிக்கு உங்கள் சொந்த வீட்டுத் தொழிலையே கொடுத்துவிடுங்கள், அதைக் கேட்க யாரும் வர மாட்டார்கள்.

நாடு இருக்கிற இருப்பில, கரன்ட்கூட இல்லாம, இதமான கதை எழுதுறது சரியா?

இதற்கு எனக்கே இரண்டு மனசு. கஷ்டத்தை மறைத்து எழுதினால் பொய்யாகிவிடும், அதனால் மறைக்காதீர்கள். கரன்ட் போகட்டும், எண்ணெய் விலை ஏறட்டும், பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் போகட்டும், கடையில் ஒரு நாற்காலி காலியாகட்டும். மூன்று தட்டு விற்ற இடத்தில் ஒன்று விற்கிற அக்கா, காணாமல் போன ஆட்டுக்கல்லைத் தேடினால் அது சின்ன விஷயமா?

வகுப்பில் போன மாதம் கரன்ட் போன நேரத்தில் மெழுகுவத்தி வைத்துக்கொண்டு ஒரு பையன் தன் கதையைப் படித்தான், தள்ளுவண்டிக்காரரின் மண்ணெண்ணெய் விளக்கு காணாமல் போன கதை. கடைசிப் பக்கத்துக்கு முன்னால் மெழுகுவத்தி தீர்ந்துவிட்டது. எடுத்தது யார் என்று கேட்டு ஏழு பேர் அவன் வீடுவரைக்கும் இருட்டில் நடந்தார்கள். அவன் சொல்லவில்லை, அடுத்த ஞாயிறு வரச் சொல்லிவிட்டான்.